பழைய லாரி இன்ஜின் மிஸ்ஸிங்: பம்பைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

நின்ற இடத்தில் வண்டி குலுங்குகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறிவிட்டுத்தான் எடுக்கிறது. சிலிண்டரில் டீசல் சரியாக எரியாமல் போவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். உடனே பலரும் டீசல் பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் வையுங்கள். இரண்டு முறை பம்ப் வேலை பார்த்தும் சரியாகாத ஒரு வண்டியில், கோளாறு டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் வெடிப்பில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது டாடா 1612 போல இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி லைனில் டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப்) உள்ள ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் கைக்கு எட்டுவதைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பிக்கப் குறைந்து கரும்புகை வரும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் வண்டி இழுத்தால் காரணம் அதுதான். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் சல்லடையைக் கழுவுங்கள். துணி, பேப்பர் டீசல் ஃபில்டர்களை மாற்றி நாளாகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஏர், அதாவது டீசல் லைனுக்குள் புகுந்த காற்று. டீசல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் குமிழ்) அடியுங்கள். முதலில் நுரையாக வரும். நுரை நின்று டீசல் தெளிவாக வரும்போது, பிரைமரை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அப்புறம் இன்லைன் பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள். வண்டி சரியாகி, கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி திணறினால், எங்கோ காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

இங்கேதான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். ஈரம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, கண்ணாடி போன்ற டியூப் வழியாக நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். கேனில் நன்றாக ஓடி, டேங்கில் திணறினால், கோளாறு அந்தப் பைப்பிலோ, ஹோஸிலோ, காப்பர் வாஷரிலோ, டேங்குக்குள் இறங்கும் குழாயிலோதான். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

கேனிலும் குலுங்கினால் ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, ஒரு நாசிலின் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சத்தம் மாறி, குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் மிஸ் அங்கேதான். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடி அணியுங்கள், கையைக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள்: நாசில் திறக்கும் அழுத்தமே சுமார் 200 பார், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டியில் இதைச் செய்யவே கூடாது; அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும்.

மிஸ்ஸாகும் சிலிண்டரின் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், புது வாஷருடன். மிஸ்ஸும் கூடவே போனால் நாசிலை டெஸ்டிங்குக்கு அனுப்பினால் போதும். பழைய இடத்திலேயே நின்றால் வால்வின் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள், பிறகு கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு). சூடான பிறகும் வெள்ளைப்புகை விட்டால் கம்ப்ரஷனும் டைமிங்கும் (டீசல் பீறிடும் நேரம்) சந்தேகத்துக்குரியவை; நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்து, இன்னும் குலுங்கினால்தான் பம்ப். கடைக்காரரிடம் கொடுக்கும்போது எந்த சிலிண்டர், என்னென்ன பார்த்தாயிற்று என்று எழுதிக் கொடுங்கள். பம்பில் அந்த சிலிண்டரின் லைனுக்கு டீசலை விடும் டெலிவரி வால்விலிருந்தே அவர் தொடங்க முடியும்.