எந்தக் கார் வந்தாலும் மின்னேற்றலாம்: விடுதி முற்றத்தில் பொதுச் சார்ஜர் வைப்பது எப்படி

கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணம் வந்து சேரும் மின்சாரக் காருக்கு, இரவு தங்கும் இடத்திலேயே மின்னேற்ற முடியுமானால் மறுநாட் பயணத்தைப் பற்றி அதன் உரிமையாளர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் விடுதிக்கோ உணவகத்துக்கோ சார்ஜர் வாங்குகிறவர்கள் பலர் தமது சொந்தக் காருக்குப் பொருந்துவதைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதி நடத்தும் என் நண்பரும் அப்படித்தான் செய்தார். ஒரு மாலை நிசான் லீஃப் காரில் வந்திறங்கிய குடும்பத்தினருக்கு அவருடைய சார்ஜரின் வயர் பொருந்தவில்லை. கடைசியில் சமையலறையின் 15 அம்பியர் பிளக்கிலிருந்து யன்னல் வழியாக வயர் இழுத்து, அது சூடாகிறதா என்று இரவு முழுவதும் இடையிடையே எழும்பித் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிலை உங்களுக்கு வராமலிருப்பதற்கான வழிமுறை இது.

முதற்படி: கார்களின் மின்னேற்ற வாயை அறிந்துகொள்ளுதல்

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்கப்பட்ட லீஃப் கார்களில் மெதுவான மின்னேற்றத்துக்கு ‘டைப் 1’ வாயும், விரைவு மின்னேற்றத்துக்கு ‘சாடெமோ’ வாயும் இருக்கும். (‘தேநீர் ஏதாவது குடிப்போமா’ என்று யப்பானிய மொழியில் கேட்பதைப் போல் ஒலிக்கும்படி சாடெமோ என்ற பெயரை வைத்தார்கள்; கார் மின்னேறி முடியும் நேரத்தில் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்பது அதன் உட்கருத்து.) அண்மைக்காலத்தில் புதிதாக வந்திறங்கும் பிவைடி போன்ற கார்களில் மெதுவான மின்னேற்றத்துக்கு ‘டைப் 2’, விரைவு மின்னேற்றத்துக்கு ‘சிசிஎஸ் 2’ என்ற ஐரோப்பிய முறை இருக்கும். சீன உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கார்களின் ‘ஜிபி/ரி’ வாய் இவை இரண்டுக்கும் பொருந்தாது.

இரண்டாம் படி: வயர் இல்லாத சார்ஜரைத் தெரிவுசெய்தல்

எனது கருத்தில் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான முடிவு இதுதான். வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட சார்ஜரை வாங்காமல், டைப் 2 துளை மட்டும் உள்ள மாறுமின்சார (ஏசி) மெதுச் சார்ஜரை வாங்குங்கள். ஒரு பக்கம் டைப் 2 முனையும் மறுபக்கம் காருக்குரிய முனையும் கொண்ட வயரைச் செருகினால், மேலே சொன்ன மூன்று வகைக் கார்களுக்கும் அதே துளை போதுமானது. வயரின் முனைக்குள் இருக்கும் சிறிய மின்தடை, அந்த வயர் எத்தனை அம்பியரைத் தாங்கும் என்பதைச் சார்ஜருக்குத் தெரிவிக்கிறது. 680 ஓம் என்றால் 20 அம்பியர், 220 ஓம் என்றால் 32 அம்பியர். பிறகு சார்ஜர், செக்கனுக்கு 1000 தடவை துடிக்கும் ஒரு சைகையின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, எவ்வளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று காருக்குச் சொல்கிறது. இந்த உரையாடலில் கார் எந்த நிறுவனத்துடையது என்ற கேள்வியே எழுவதில்லை.

நேர்மின்சார (டிசி) விரைவு சார்ஜர்கள் இவ்வளவு எளிமையானவை அல்ல. சாடெமோவும் சிசிஎஸ்ஸும் காருடன் வெவ்வேறு முறைகளிற் பேசுகின்றன என்பதால், வாய் மாற்றியை மட்டும் கொண்டு சமாளிப்பது கடினம். செலவும் பல மடங்கு. இரவு தங்குகிறவருக்கு அவ்வளவு வேகம் தேவையுமில்லை.

மூன்றாம் படி: மின் இணைப்பைக் கணக்கிடுதல்

எமது வீடுகள் பலவற்றில் இருப்பது 30 அம்பியர் ஒருதறுவாய் இணைப்பாகும். அதில் 32 அம்பியர் சார்ஜரை முழு வலுவில் இயக்க முடியாது; ஆனால் பெரும்பாலான சார்ஜர்களில் உச்ச அளவை 16 அம்பியராகக் குறைத்து வைக்கலாம். அப்போது 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3.7 கிலோவாற்று கிடைக்கும். இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை 37 அலகு. பழைய லீஃப் காரின் 24 அலகு பற்றறிக்கு அது தாராளம். 60 அலகுப் பற்றறியுள்ள கார் வெறுமையாக வந்தால் பாதிக்கு மேல் நிரம்பும். அதற்கு மேல் வேண்டுமானால், மின் விநியோக அலுவலகத்தில் முத்தறுவாய் இணைப்புக்கு விண்ணப்பித்த பின்னரே சார்ஜரை வாங்குங்கள்.

சார்ஜருக்கெனத் தனி வயரும் தனி ட்ரிப் சுவிச்சும் வேண்டும். காரிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டம் சாதாரண ட்ரிப் சுவிச்சைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், ‘பி’ வகைச் சுவிச்சை வாங்க வேண்டும். அல்லது 6 மில்லி அம்பியர் நேர்மின் கசிவை உணரும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்குமானால் ‘ஏ’ வகை போதும். எர்த் கம்பியின் தடையையும் மின்பணியாளரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். கோடையில் நிலம் வறண்டிருக்கும்போது அளப்பதே சரியான கணக்கைத் தரும்.

நான்காம் படி: மென்பொருட் பூட்டைச் சோதித்தல்

வாய் பொருந்தினாலும் பயனர் கணக்கு வழியாகக் கதவடைக்க முடியும். ரெஸ்லா நிறுவனம் ஐரோப்பாவில் சிசிஎஸ் 2 முனையையே பாவித்தும், அதன் விரைவு சார்ஜர்களில் நீண்டகாலமாக ரெஸ்லா கார்கள் மட்டுமே மின்னேற்ற முடிந்தது. 2021 நவம்பரில் நெதர்லாந்தின் 10 நிலையங்களில் பரீட்சார்த்தமாகப் பிற நிறுவனக் கார்களை அனுமதித்தபோது செயலிதான் கதவைத் திறந்தது. வட அமெரிக்காவில் முனையும் வேறாக இருந்ததால், 2023 மே மாதத்தில் ஃபோர்ட் நிறுவனம் அந்த வலையமைப்பில் இணைவதாக அறிவித்தபோது அதன் கார்களுக்கு வாய் மாற்றியும் தேவைப்பட்டது.

உங்கள் சார்ஜரில் இத்தகைய பூட்டு விழாமலிருக்க, சார்ஜரும் அதைக் கட்டுப்படுத்தும் சேவையகமும் பேசிக்கொள்வதற்கான ‘ஓசிபிபி’ என்ற பொது நெறிமுறையை, குறைந்தது அதன் 1.6 பதிப்பை, ஏற்கிறதா என்று கேளுங்கள். ‘ஏற்கும்’ என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல், அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சேவையக முகவரியை நீங்களே மாற்ற முடிகிறதா என்று விற்பனையாளர் முன்னிலையில் செய்து பாருங்கள். மாற்ற முடியாவிட்டால், அந்தச் சேவையகம் என்றோ ஒருநாள் நிறுத்தப்படும்போது செயலி வழியான கட்டுப்பாடும் கணக்கும் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். இணைய இணைப்பு இல்லாதபோதும் அட்டையைத் தொட்டு மின்னேற்றலைத் தொடங்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: இடம்

லீஃப் காரின் வாய் மூக்கிலும், ரெஸ்லாவின் வாய் பின்பக்க இடது மூலையிலும் இருக்கின்றன. ஆகவே காரை முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் நிறுத்தக்கூடிய இடமாகப் பார்த்து, 5 மீற்றர் வயர் எட்டும் தூரத்தில் சார்ஜரைப் பொருத்துங்கள். தூசிக்கும் மாரிமழைக்கும் ஈடுகொடுக்க, குறைந்தது ‘ஐபி 54’ என்ற தூசி, நீர்த் தடுப்புத் தரம் வேண்டும். நிழல் நல்லதுதான், ஆனால் தென்னைமர நிழல் வேண்டாம்.

ஆறாம் படி: சோதனை

டைப் 1 வயர் ஒன்றை வாங்கி வரவேற்பு மேசையில் வையுங்கள். விருந்தினர் பலரிடம் அது இருப்பதில்லை. பிறகு லீஃப் ஒன்றையும் புதிய கார் ஒன்றையும் இரவல் வாங்கி, இரண்டையும் தனித்தனியே அரை மணிநேரம் மின்னேற்றிப் பாருங்கள். மின்னேறிக்கொண்டிருக்கும்போதே பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். சார்ஜரின் துளை, செருகிய வயரைப் பூட்டிப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றதும் அது வயரை விடுவிக்க வேண்டும். மீண்டும் சுவிச்சைப் போட்டதும், யாரும் கைவைக்காமலே மின்னேற்றம் தொடர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், நள்ளிரவில் மின்சாரம் தடைப்பட்டு வரும் நாளில் விருந்தினர் உங்களை வந்து எழுப்புவார்; ஆகையால் விற்பனையாளருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.