லீஸ் முடியும் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா, விடலாமா?

ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் மீதி மதிப்பை, அதாவது லீஸ் முடிவில் வண்டியை வாங்க நீங்கள் கொடுக்க வேண்டிய தொகையை, அதே மாடல், அதே வருட வண்டி சென்னையில் இப்போது போகும் விலையோடு ஒப்பிடுங்கள். கம்மியாக இருந்தால்தான் மேலே பேச்சு. பதிவெண்ணையும் பாருங்கள், வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி என்று செலவு ஏறும். வாரன்ட்டி முடிந்ததா, டயரும் பிரேக்கும் மாற்றும் நிலையா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இதில் ஒரு வசதி, வண்டியின் ஜாதகமே உங்களிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி பக்கம் பேஸ்மென்ட் தண்ணீரில் நின்றதா? தாழ்வான கார், சீட்டுக்கு அடியில் வயரிங் வேறு. சர்வீஸில் சரிசெய்திருந்தாலும், என்னைக் கேட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.