ரேட் முதலா, சம் முதலா? மெட்ரிக் குவெரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு ஒன்லைன் புக்கிங் தளம் நடத்தும் ஒரு சிறு குழுவை எடுத்துக்கொள்வோம். இரண்டு சேவர், அவற்றின் அளவீடுகளை (மெட்ரிக்) எடுத்துச் சேமித்துக் கண்காணிக்கப் புரொமீதியஸ், அவற்றைக் கிராஃபாகப் பார்க்க கிரஃபானா. திருகோணமலையில் வீட்டிலிருந்தே இப்படியான வேலை செய்யும் இளையவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அளவீடுகளைக் கேட்டு எழுதும் குவெரியில் எழுத்துப்பிழை இருந்தால் திரையில் உடனே சிவப்பாக எரர் வரும், திருத்திவிடலாம். ஆபத்தான தவறுகள் எரர் காட்டாது. நம்பும்படியான கோடு ஒன்றை வரைந்து தந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து நாமும் விடுதிக்காரருக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

முதலில் கவுண்டர். இது வந்த கோரிக்கைகள் போன்றவற்றை எண்ணி ஏறிக்கொண்டே போகும் எண். சேவர் ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். அதை அப்படியே கிராஃபில் போட்டால் தெரிவது ஒரு மலைச்சரிவு மட்டுமே. ரேட் (செக்கனுக்கு எவ்வளவு ஏறியது) அல்லது இன்கிரீஸ் (மொத்தம் எவ்வளவு ஏறியது) போட்டால்தான் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று புரியும். இடையில் எண் விழுந்தால் அதை ரீஸ்டார்ட் என்று உணர்ந்து கணக்கைச் சரிசெய்வதும் இவைதான்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு சேவரின் கவுண்டரையும் முதலில் கூட்டி ரெக்கோர்டிங் ரூலாக (விடையைப் புது மெட்ரிக்காகப் பதிந்துவைக்கும் விதி) சேமித்துவிட்டு, அதன்மேல் ரேட் போடுவார்கள். ஒன்றில் 10,000, மற்றதில் 4,000, கூட்டுத்தொகை 14,000 என்று வையுங்கள். இரண்டாவது சேவர் ரீஸ்டார்ட் ஆகிறது. கூட்டுத்தொகை 10,000 ஆக விழுகிறது. ரேட்டுக்கு இரண்டு சேவர் இருப்பது தெரியாது. ஒரே கவுண்டர் பூச்சியத்துக்கு விழுந்து மீண்டும் 10,000 வரை ஏறியதாக எடுத்துக்கொள்ளும். யாருமே புக் செய்யாத நேரத்தில் பத்தாயிரம் கோரிக்கைகள் வந்ததாக ஒரு கூர்முனை எழும். ஒவ்வொரு சேவருக்கும் ரேட் எடுத்த பிறகே சம் (கூட்டல்). இந்த வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

அடுத்தது ரேட்டுக்குக் கொடுக்கும் கால அளவு. கணக்குப் போட அந்த அளவுக்குள் குறைந்தது இரண்டு பதிவுகள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை தரவு எடுத்துக்கொண்டு, ரேட்டுக்கும் ஒரு நிமிடம் கொடுத்தால் கிராஃப் வெறுமையாக வரும். தரவு எடுக்கும் இடைவெளியின் நான்கு மடங்கு என்பது நல்ல வழக்கம். கிரஃபானாவில் ரேட் இன்டர்வல் என்ற மாறியைப் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெறுமையைப் பூச்சியம் என்று வாசிப்பது இன்னொரு தவறு. பிழை வீதம் 5 சதவீதத்தைத் தாண்டினால் அலர்ட் என்று வைத்திருக்கிறீர்கள். சேவர் முழுதாகப் படுத்துவிட்டால் மெட்ரிக்கே வராது, ஒப்பிட எதுவும் இருக்காது, அலர்ட்டும் அடிக்காது. மிக மோசமான நேரத்தில் டாஷ்போட் மிக அமைதியாக இருக்கும். அதனால் தரவே வராததைக் கண்டுபிடிக்கும் அப்சென்ட் வைத்து ஓர் அலர்ட்டும், சேவரிலிருந்து தரவு எடுக்க முடிகிறதா என்று காட்டும் அப் என்ற மெட்ரிக் பூச்சியமானால் ஓர் அலர்ட்டும் கட்டாயம் தேவை.

வேகத்தை அளக்கும்போது பெர்சன்டைல்களின் சராசரி வேண்டாம். ஒரு சேவரின் 95ஆம் பெர்சன்டைல் (நூறு கோரிக்கைகளில் 95 முடிந்துவிடும் நேரம்) 200 மில்லிசெக்கன், வந்தவை ஆயிரம் கோரிக்கைகள். மற்றதில் 2 செக்கன், வந்தவை பத்து. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய 1.1 செக்கன் எந்த வாடிக்கையாளரின் அனுபவமும் இல்லை. ஹிஸ்டோகிராம் கோரிக்கைகளை எடுத்த நேரப்படி பக்கெட்டுகளில் எண்ணிவைக்கும்; அந்தப் பக்கெட்டுகளை, அவற்றின் மேல் எல்லையைச் சொல்லும் எல்இ (le) லேபிள் வாரியாகக் கூட்டிவிட்டுப் பெர்சன்டைல் கேளுங்கள். கடைசி எல்லை 10 செக்கன் என்றால், 40 செக்கன் காத்திருந்தவருக்கும் விடை 10 என்றே வரும். பக்கெட் எல்லைகளையும் ஒரு தடவை பார்த்துவையுங்கள்.

நேரம் நமக்கென்றே உள்ள பொறி. புரொமீதியஸ் உள்ளே யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டும் பேசும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. கிரஃபானா நம் நேரத்தில் காட்டுவதால் குவெரியும் நம் நேரத்தில் ஓடுவதாக நினைத்துவிடுகிறோம். காலை 8 முதல் இரவு 10 வரை என்று, மணியைத் தரும் ஹவர் (hour) ஃபங்ஷனில் எழுதிய அலர்ட், உண்மையில் பிற்பகல் 1.30 முதல் அதிகாலை 3.30 வரை விழித்திருக்கும். புறாத்தீவுக்குப் படகு பதிய ஆட்கள் முந்தும் காலை நேரம் முழுக்க அது தூங்கும். ஐந்தைக் கூட்டினாலும் ஆறைக் கூட்டினாலும் அரை மணி தவறும். நேரத்தோடு 19,800 செக்கனைக் கூட்டிவிட்டு மணியைக் கேளுங்கள்.

பழைய நேரத்தின் தரவைக் கேட்கும் ஆஃப்செட் வைத்துப் போன வாரத்தோடு ஒப்பிடுபவர்கள் போயா எனும் பௌர்ணமி விடுமுறையை மறக்கக்கூடாது. பௌர்ணமி மாதா மாதம் வேறு வேறு கிழமையில் வரும். வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நீண்ட விடுமுறை, கொழும்பில் இருந்து வாகனங்கள் வரிசையாக வரும். அதற்கடுத்த வாரம் எண் பாதியாகக் குறைந்தாலும் தளத்தில் கோளாறு என்று அர்த்தமில்லை.

சீசனைச் சீசனோடு ஒப்பிட விரும்பினால் சேமிப்புக் காலத்தை முதலில் பாருங்கள். எதையும் மாற்றாவிட்டால் புரொமீதியஸ் 15 நாள் தரவை மட்டுமே வைத்திருக்கும். கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. போன ஜூலையை இந்த ஜூலையில் கேட்டால் வெற்றுக் கிராஃப்தான். சேமிப்புக் காலத்தை நீட்டுங்கள், அல்லது தேவையான தரவை நீண்டகாலச் சேமிப்பு ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். இதை ஏப்ரலுக்குள் செய்தால்தான் வரும் சீசன் முழுதாகப் பதிவாகும்.