டீசல் ஊறிய மண்ணை மீட்ட விதம்

மன்னார்குடி பக்கம் எங்கள் வயலில், பம்புசெட் கொட்டகையை ஒட்டிய மண்ணில் டீசல் கசிந்து ஊறி, அருகம்புல்கூட முளைக்காமல் கிடந்தது. டீசலைத் தின்னும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குக் காற்று, ஈரம், தழைச்சத்து மூன்றும் வேண்டும். நம் டெல்டா களிமண்ணில் காற்றுக்குத்தான் பஞ்சம்.

அதனால் மண்ணைக் கொத்திப் புரட்டி, நறுக்கிய வைக்கோலும் மட்கிய சாணமும் கலந்தேன். ஈரம் இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. எடுத்த எடுப்பிலேயே மண்புழுவை மண்ணில் விடாதீர்கள். அது தோலால் சுவாசிப்பது. டீசல் பட்டால் செத்துவிடும். வாடை நன்றாகக் குறைந்த பிறகு கொஞ்சம் மண்ணைத் தொட்டியில் போட்டு நாலைந்து புழுவை விட்டுப் பார்த்தேன். மேலே ஏறி ஓடாமல் உள்ளே இறங்கின. சரி, இனி பயமில்லை என்று வாய்க்கால் கரையில் தோண்டிய நாட்டுப் புழுக்களை விட்டேன். அவற்றின் வளை வழியே காற்று இறங்குகிறது. குடலுக்குள் போய் வரும் மண்ணில் பாக்டீரியா பெருகுகிறது. அடுத்த மழைக்காலத்தில் குருணை குருணையாகப் புழு எச்சம் குவிந்து, கோரையும் அருகும் தலைகாட்டின. எனக்கு அப்படியொரு சந்தோஷம்!

பழைய இன்ஜின் ஆயில் கொட்டிய இடத்துக்கு இது மட்டும் போதாது. அதிலுள்ள துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் சிதைக்காது. அவை புழுவின் உடம்பில் சேரும், அதைக் கொத்தும் கோழிக்கும் போகும். அங்கே கீரை, காய்கறி போடாதீர்கள்.