53-இல் பேண்ட் விழுந்தால் அது பி53 தானா? ஆன்டிபாடி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனையில்) பி53 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டு 53 கிலோடால்டன் பக்கம் கருப்பாக ஒரு பேண்ட் விழுந்ததும், படத்தை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை உடைத்து உள்நிறம் பார்க்காமல் விலை பேசமாட்டார்கள். ஆன்டிபாடியை உடைத்துப் பார்ப்பதென்றால், பி53 அறவே இல்லாத செல்லில் அதைப் போட்டுப் பார்ப்பது.

எச்1299 என்ற மனித நுரையீரல் புற்றுசெல்லில் பி53 கிடையாது. ஒரு லேனில் அதன் லைசேட் (செல்லை உடைத்த சாறு), பக்கத்து லேனில் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி பி53-ஐ ஏற்றும் டாக்சோரூபிசின் 1 மைக்ரோமோலார் கொடுத்து இரவு முழுக்க வைத்த எம்சிஎஃப்-7 (பி53 உள்ள மார்பகப் புற்றுசெல்) லைசேட், இரண்டிலும் 30 மைக்ரோகிராம். பேண்ட் எம்சிஎஃப்-7 லேனில் மட்டும் வரவேண்டும். எச்1299 லேனிலும் அதே இடத்தில் வந்தால், ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது. பலர் பாசிட்டிவ் கன்ட்ரோலாக (பேண்ட் கட்டாயம் வரவேண்டிய லேனாக) ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுசெல்லை எடுக்கிறார்கள். அதிலுள்ள பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் பி53-ஐச் சிதைத்துவிடும், பேண்ட் மங்கலாகத்தான் வரும். மருந்து கொடுக்காத சாதாரண செல்லிலும் பி53 அரை மணி நேரம்கூட தாக்குப்பிடிக்காது. இரண்டு இடத்திலும் பழி ஆன்டிபாடி மேல்தான் விழுகிறது.

எடைக் கணக்கிலும் ஒரு வலை உண்டு. பி53-இல் 393 அமினோ அமிலங்கள், கணக்குப்படி 43.7 கிலோடால்டன். புரோலின் நிறைந்த பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53-இல் நிற்கிறது. அந்தப் பெயரே ஜெல் செய்த கோளாறு. டிஎன்ஏவைப் பிடிக்கும் இன்னொரு புரதமான சிடிசிஎஃப் கணக்கில் 83 என்றாலும் ஜெல்லில் 130-க்கு மேல் நிற்கும். அமினோ அமில வரிசையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் பேண்டைத் தேடாதீர்கள்.

நம் பக்கத்து பார்மசி கல்லூரிகளில் எலித் திசுவில்தான் அதிகம் வேலை நடக்கிறது. பேர் பெற்ற டிஓ-1 குளோன் (சுண்டெலியில் தயாரித்த பி53 ஆன்டிபாடி) மனித பி53-இன் 20 முதல் 25 வரையான அமினோ அமிலங்களைப் பிடிக்கும். சுண்டெலியின் பி53-ஐப் பிடிக்காது. அதுபோக, சுண்டெலியில் தயாரித்த ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் போட்டால், செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) அந்தத் திசுவிலேயே இருக்கும் ஐஜிஜி ஆன்டிபாடியையும் பிடித்து, அதன் கன சங்கிலிக்கு 50-இலும் லேசான சங்கிலிக்கு 25-இலும் பேண்ட் காட்டும். பி53 நிற்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்! இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தை லைசேட்டிலிருந்து இழுத்தெடுப்பது) செய்தபின் அதே இனத்து ஆன்டிபாடியால் பிளாட் செய்தாலும் இதே கூத்துதான். கன சங்கிலி பி53-ஐ மூடிவிடும். முயல் ஆன்டிபாடியால் இழுத்து சுண்டெலி ஆன்டிபாடியால் பிளாட் செய்யுங்கள், அல்லது லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரி வாங்குங்கள்.

டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதம் மென்மையான பஃபரில் முழுதாக வெளியே வராது. 14,000 சுற்றில் சுழற்றி, அடியில் படிவதைத் தூக்கி எறிகிறோம். தேடுவது அதற்குள்ளேயே இருக்கலாம். ஒரு தடவையாவது அதை சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட் (செல்லின் உட்கருச் சாறு) என்றால் உப்பு 420 மில்லிமோலார் வேண்டும். லைசேட் மூக்குச்சளி மாதிரி இழுத்தால் அது டிஎன்ஏ. பனிக்கட்டியில் வைத்து 10 விநாடி வீதம் மூன்று முறை சோனிகேட் செய்யவும். புரதத்தை வெட்டும் என்சைம்களைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப்-ஐ காலையிலேயே பஃபரில் கலந்து வைத்தால் வீண்: பிஎச் 8-இல், 25 டிகிரியில், அரை மணி சொச்சத்தில் பாதி போய்விடும். இந்த எக்ஸ்ட்ராக்டுக்கு லோடிங் கன்ட்ரோலாக (எல்லா லேனிலும் சம அளவு போட்டோமா என்று காட்டும் புரதமாக) உட்கருவில் இருக்கும் லேமின் பி1 அல்லது ஹிஸ்டோன் எச்3 போடுங்கள், பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே இருக்கும் ஜிஏபிடிஎச் வேண்டாம்.

சிப் (புரதம் டிஎன்ஏவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று, ஃபார்மால்டிஹைடால் இரண்டையும் பிணைத்துப் பார்க்கும் முறை) செய்பவர்களுக்கு இன்னொன்று. ஃபார்மால்டிஹைடுக்கு நெறிமுறையில் ‘ரூம் டெம்பரேச்சரில் 10 நிமிடம்’ என்றால் அது 20–25 டிகிரி. சித்திரை மாதத்தில் ஏசி நின்றுபோன ஈரோட்டு லேப் அந்த ரூம் இல்லைங்க. சூட்டில் பிணைப்பு வேகமாக ஏறி, குரோமாட்டின் உடையாமல் முரண்டு பிடிக்கும், ஆன்டிபாடி பிடிக்கவேண்டிய இடமும் மூடிப்போகும். 10 மில்லி மீடியத்துக்கு 37% ஃபார்மால்டிஹைடு 270 மைக்ரோலிட்டர், பிறகு பிணைப்பை நிறுத்த கிளைசின் 125 மில்லிமோலார், 5 நிமிடம். ஃபார்மால்டிஹைடு பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த பாட்டிலை விட்டுவிடுங்கள். உடைத்த டிஎன்ஏ துண்டுகள் 200–600 பேஸ் பேருக்குள் இருக்கிறதா என்று அகரோஸ் ஜெல்லில் பார்த்த பிறகே ஆன்டிபாடியைத் தொடவேண்டும். வெஸ்டர்னில் நன்றாக வேலை செய்வது சிப்பிலும் செய்யும் என்று எந்த உறுதியும் இல்லை. அங்கே புரதம் விரிந்து கிடக்கிறது, இங்கே மடிந்து, பிணைக்கப்பட்டு நிற்கிறது. ஐஜிஜி கன்ட்ரோலும் (பி53-ஐக் குறிவைக்காத ஆன்டிபாடி), பி53 உட்காராத ஒரு டிஎன்ஏ பகுதியும் இல்லாமல், பி53 உட்காரும் பி21 ஜீனின் புரொமோட்டரில் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஆன்டிபாடி பார்சலை சனிக்கிழமை வந்து சேரும்படி வரவழைக்காதீர்கள். திங்கள் வரை வாட்ச்மேன் அறையில் கிடந்தால் ஜெல் பேக் வெந்நீர்ப் பையாகியிருக்கும். வந்ததும் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். தானே பனி உருக்கும் ஃபிரிட்ஜ் கூடாது, அது தினமும் சூடேறி இறங்கும். 50% கிளிசரால் கலந்தது உறையாது, அதைப் பிரிக்கத் தேவையில்லை. நீர்த்த ஆன்டிபாடியை மறுபடி பயன்படுத்த சோடியம் அசைடு சேர்ப்பவர்கள், பேண்டைத் தெரியவைக்கும் என்சைமான எச்ஆர்பி ஒட்டிய செகண்டரியில் மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது. அசைடு அந்த என்சைமை முடக்கிவிடும்.

பாலிகுளோனல் (ஒரே புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிக் கலவை) என்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை நோட்டில் எழுதுங்கள். புது லாட் வரும்போது, பழைய எம்சிஎஃப்-7, எச்1299 லைசேட்டில் மிச்சம் பிடித்து மைனஸ் 80-இல் வைத்ததை எடுத்து, இரண்டு லாட்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள்.