பள்ளி வாசலில் ஆர்.எஃப்.ஐ.டி.: பணி ஆணை கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

மாணவர் அடையாள அட்டைக்குள் ஒரு சில்லைப் பொருத்தி, வானொலி அலையால் அதைப் படிக்கும் ரீடர் என்னும் கருவியை வாசலில் நிறுத்தி, பிள்ளை உள்ளே நுழைந்ததும் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்யும் ஆர்.எஃப்.ஐ.டி. ஏற்பாட்டைப் பல தனியார் பள்ளிகள் வாங்கிவருகின்றன. விற்பனையாளர் தரும் விலைப்புள்ளியில் அட்டையின் விலையும் பராமரிப்புக் கட்டணமும் தெளிவாக இருக்கும். ரீடருக்கு அரசின் ஒப்புதல் உண்டா என்பதும், பிள்ளைகளின் வருகைப் பதிவு யாருடைய கணினியில் தங்கும் என்பதும் பெரும்பாலும் இருக்காது. இந்தியாவில் வானொலி அலைகள் தொடர்பான விதிகள் பள்ளியிடம் கேட்பது மிகக் குறைவு. தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதுதான் அதிகம், அதில் பெரும்பகுதி பணி ஆணையில் கையெழுத்திடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே தாளாளரும் தலைமை ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை, வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எதற்காக இந்த ஏற்பாடு என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். "பாதுகாப்பு" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது எதையும் உள்ளடக்கிக்கொள்ளும். "காலையில் வாசலுக்குள் வந்த நேரமும் மாலையில் வெளியேறிய நேரமும்" என்று எழுதினால், கழிப்பறைக்குச் செல்லும் நடையில் இன்னொரு ரீடர் வைக்கலாம் என்று பிறகு யாராவது சொல்லும்போது தீர்மானமே தடுக்கும்.

இந்தப் பக்கத்தை எழுதாமல் தொடங்கியவர்களின் கதை புதிதன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சட்டர் என்னும் சிற்றூரின் பள்ளி ஒன்று 2005-இல் மாணவர் கழுத்தில் இத்தகைய அட்டைகளை மாட்டியது. பெற்றோரின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் நார்த்சைடு பள்ளி மாவட்டம் 2012-இல் இரண்டு பள்ளிகளில் அட்டைகளை வழங்கியது. அங்கே வருகை எண்ணிக்கையைப் பொறுத்து அரசு நிதி கிடைக்கும் என்பதால், வளாகத்துக்குள் இருந்தும் வகுப்பில் இல்லாத மாணவர்களைக் கணக்கில் சேர்ப்பதே நோக்கமாக இருந்தது. அட்டையை மறுத்த மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. இருந்தும் எதிர்பார்த்த அளவுக்கு வருகை கூடவில்லை என்று சொல்லி 2013-இல் மாவட்டமே திட்டத்தை நிறுத்திக்கொண்டது. சட்டம் அனுமதிப்பதும் பயன் கிடைப்பதும் வேறு வேறு என்பதால், எந்த அளவு பயன் கிடைக்காவிட்டால் நிறுத்திக்கொள்வோம் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அலைவரிசையும் ஒப்புதல் சான்றும்

பள்ளிகளுக்கு விற்கப்படும் அட்டைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. ரீடருக்குச் சில சென்டிமீட்டர் அருகே கொண்டுபோய்த் தொட்டாற்போல் காட்ட வேண்டும். மற்றொன்று மீயுயர் அதிர்வெண்ணில் இயங்கும் யு.எச்.எஃப். வகை, பிள்ளை பையோடு நடந்து போனாலே பல மீட்டர் தூரத்திலிருந்து படித்துவிடும். சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டேக் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

யு.எச்.எஃப். கருவிகளுக்காக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இந்திய அரசு 2005-இல் உரிமத் தேவையிலிருந்து விலக்கியது. 2021-இல் வந்த விதிகள் அதை 868 வரை நீட்டின. விலக்கு என்பதற்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருளில்லை. அலைபரப்பியின் திறன் 1 வாட்டுக்கும், ஆன்டெனாவோடு சேர்த்துக் கணக்கிடும் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்கும் மிகக் கூடாது. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆன்டெனா அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவை டி.பி.ஐ. என்னும் அலகில் சொல்வார்கள். 1 வாட் ரீடருடன் 6 டி.பி.ஐ. ஆன்டெனாவை இணைத்தால் பயனுறு திறன் ஏறத்தாழ 2.4 வாட் வரும், 8 டி.பி.ஐ. ஆன்டெனாவில் 3.8 வாட்டை நெருங்கும், 9 டி.பி.ஐ. ஆன்டெனாவை மாட்டினால் 4.8 வாட்டாகி வரம்பைத் தாண்டிவிடும். "இன்னும் கொஞ்சம் தூரத்தில் படிக்கட்டும்" என்று பொருத்துநர் பெரிய ஆன்டெனாவைக் கொண்டுவரும் நாளில், திறனைக் குறைத்து அமைக்கச் சொல்ல இந்தக் கணக்கு உதவும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ரீடர்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை இங்கே நிறுவுவது விதிமீறல். சில ரீடர்களில் நாட்டைத் தேர்வு செய்யும் அமைப்பு மென்பொருளிலேயே இருக்கும். அது இந்தியா என்று இருக்கிறதா என்பதை நீங்களே திறந்து பாருங்கள்.

உரிமம் வேண்டாமென்றாலும் கருவிக்கு வகை ஒப்புதல் சான்று வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் பிரிவு சரல் சஞ்சார் என்னும் இணைய வாயில் வழியாக இதை வழங்குகிறது. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வக அறிக்கையுடன் பெற வேண்டிய சான்று இது. பள்ளி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பள்ளி செய்ய வேண்டியது, விலைப்புள்ளியோடு சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மாதிரி எண்ணும் ரீடரின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுவது மட்டுமே. நான் உடனிருந்து பார்த்த ஒரு கொள்முதலில் இரண்டும் வேறாக இருந்தன. விற்பனையாளர் அதை எழுத்துப் பிழை என்றார், பிறகு புதிய பெட்டிகளோடு வந்தார்.

விலக்குப் பெற்ற அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் ரீடருக்கு வேறு கருவியால் இடையூறு வந்தால் பாதுகாப்புக் கோர முடியாது. உங்கள் ரீடரால் உரிமம் பெற்ற சேவைக்கு இடையூறு என்று புகார் வந்தால், திறனைக் குறைப்பதோ இடம் மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் கடமை.

இரண்டில் எது என்று கேட்டால், பள்ளிக்கு நான் தொட்டுக் காட்டும் அட்டையையே பரிந்துரைப்பேன். அட்டையை எடுத்து நீட்டும் பிள்ளைக்குத் தான் பதிவாகிறோம் என்பது தெரியும். யு.எச்.எஃப். அட்டையைப் பேருந்து நிறுத்தத்திலும் கடைவீதியிலும்கூட, ரீடர் வைத்திருக்கும் எவரும் பிள்ளைக்குத் தெரியாமலே படிக்கலாம். வரிசை நீளுமே என்பது வழக்கமான மறுப்பு. ஆயிரம் பிள்ளைகள், ஆளுக்கு 2 நொடி, நான்கு ரீடர் என்று வைத்தால் எட்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தவிரவும், யு.எச்.எஃப். அலைகளை மனித உடல் உறிஞ்சிக்கொள்ளும், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மறைத்துவிடும். பைக்குள் கிடக்கும் அட்டை தவறாமல் பதிவாகும் என்று உறுதி சொல்ல முடியாது.

யு.எச்.எஃப். தான் என்று முடிவெடுத்தால், பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று உண்டு. பிள்ளையை இறக்கிவிட வரும் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கின் எண்ணையும் உங்கள் வாசல் ரீடர் படித்துவிடும். பள்ளி வழங்கிய எண்களைத் தவிர மற்றவற்றைச் சேமிக்காமல் அப்போதே விட்டுவிடும்படி மென்பொருளில் வடிகட்டி அமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், எந்தப் பெற்றோரின் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்ற பட்டியல் ஒன்று யாரும் கேட்காமலே உங்களிடம் சேர்ந்துகொண்டிருக்கும்.

சில்லுக்குள் என்ன எழுதுவது

இந்த ஒரு கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள். சில்லுக்குள் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் எதையும் எழுதக் கூடாது. ஆதார் எண்ணைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எமிஸ் எண், சேர்க்கை எண் போன்றவையும் வேண்டாம். அவை வேறு பட்டியல்களில் பெயரோடு இருப்பதால், எண்ணைப் படித்தவர் பெயரையும் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பொருளும் இல்லாத, வரிசையில் வராத ஓர் எண்ணை மட்டும் எழுதி, அது யாருடையது என்ற பட்டியலைப் பள்ளியின் கணினியில் தனியே வைத்திருங்கள். அட்டை தொலைந்தால் பட்டியலில் அந்த எண்ணை நீக்கிப் புதிய எண் கொடுத்தால் போதும்.

அட்டையின் வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லின் மறைகுறியீட்டு முறையை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். அந்த வகை அட்டைகள் இன்னமும் மலிவு விலையில் விற்கின்றன. வருகைப் பதிவுக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதே அட்டையில் உணவகப் பணத்தையும் ஏற்ற நினைத்தால் வேண்டாம்.

குழந்தைகளின் தரவும் சட்டமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. இன்று வாங்கும் அட்டைகள் அப்போதும் பிள்ளைகளின் கழுத்தில் இருக்கும் என்பதால், இன்றைய ஏற்பாட்டை அன்றைய சட்டத்துக்கு ஏற்பவே அமைக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு: பள்ளியின் கல்விப் பணிகளுக்காகவும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் மட்டும் கண்காணிக்கலாம். பள்ளிக்காக வாகனம் இயக்குபவர், வரும் வழியிலும் போகும் வழியிலும் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைப் பாதுகாப்புக் கருதிப் பார்க்கலாம். பயண நேரத்தைத் தாண்டி அந்த விலக்கு நீளாது. வருகைப் பதிவை வைத்து டியூஷன் விளம்பரம் அனுப்ப விலக்கில் இடமே இல்லை.

விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பெற்றோரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சட்டம் குறிப்பிடும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. எந்தத் தரவு, எதற்காக, யாரிடம் புகார் செய்வது என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் புதைக்காமல் தனித்தாளாகக் கொடுங்கள். அட்டை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கு, வகுப்பாசிரியர் கையால் எழுதும் பதிவேடு என்னும் மாற்று வழி இருக்கட்டும்.

பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். முப்பது நாளில் அழித்துவிடுவோம் என்று அச்சிட்டுக் கொடுப்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தரவைக் கையாண்டதற்கான பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க விதிகள் சொல்கின்றன. ஓராண்டு முடிந்ததும் அழிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள்.

விற்பனையாளருடன் ஒப்பந்தம்

தரவு விற்பனையாளரின் சர்வரில் இருந்தாலும் சட்டத்தின் முன் பொறுப்பாளி பள்ளிதான். போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததால் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆகவே எழுத்துவழி ஒப்பந்தம் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட அவரிடம் கொடுக்காதீர்கள். தரவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, கசிவு தெரிந்த அன்றே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்து படிக்கத்தக்க கோப்பாகத் திருப்பித் தந்துவிட்டு அழிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டிய கடமை பள்ளிக்கு இருப்பதால், "அன்றே" என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குறுஞ்செய்திக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொருந்தும். அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்னும் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். அதைப் பள்ளியின் பெயரிலேயே பதியுங்கள். விற்பனையாளரின் பெயரில் இருந்தால், அவரை மாற்றும் நாளில் பெற்றோருக்குப் பள்ளியின் செய்தி வராது.

தொடங்கிய பிறகு

அட்டை உள்ளே வந்தது என்பதைத்தான் ரீடர் சொல்லும், பிள்ளை வந்ததா என்பதைச் சொல்லாது. நண்பனின் அட்டையையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தோன்றிவிடுவார்கள். வீட்டில் அட்டையை மறந்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். அதனால் "உங்கள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை" என்ற செய்தி ரீடரிலிருந்து நேரே போகக் கூடாது. வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே போக வேண்டும். வேலைக்குப் போன தாய் ஒருவர் அந்தத் தவறான செய்தியைப் படித்துவிட்டுப் பாதி வழியில் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மூன்றாம் பெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகும் மாணவரிடம் அட்டையைத் திரும்பப் பெற்று, அவர் முன்னிலையிலேயே சில்லின் குறுக்கே வெட்டி, பட்டியலிலிருந்து அவருடைய எண்ணை நீக்கிவிட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.