முதல் கேமிங் பிசி: குறைந்த பட்ஜெட்டில் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடையில் போய் கேமிங் பிசி வேண்டும் என்று கேட்டால், முதலில் ப்ராசஸர் பெயரைத்தான் சொல்வார்கள். "ஐ7 போட்டுத் தர்றேன், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தெரியும். விலை மிகவும் குறைவாக இருந்தால் அது 2012-இல் வெளிவந்த ஐ7-3770 ஆக இருக்கலாம். அதில் 4 கோர் (கணக்கிடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). பத்து ஆண்டு கழித்து வந்த ஐ3-12100எஃப்-பிலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் மிக அதிகம். பழைய ஐ7-இல் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளை வசதி இல்லாததால் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. அந்தக் கால மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்காது என்பதால் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கேமும் ஓடாது.

ஆகவே ப்ராசஸரில் தொடங்காதீர்கள். முதலில் மானிட்டர், பிறகு அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் ப்ராசஸர், கடைசியில் இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். இந்த வரிசை மாறினால் பணம் தவறான இடத்தில் போய் முடங்கும்.

படி 1: மானிட்டர்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கார்டு முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். முதல் பட்ஜெட் பிசிக்கு 24 அங்குல 1080பி ஐபிஎஸ் மானிட்டரே சரி. கதை கேம்களுக்கு 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை திரை புதுப்பிக்கப்படும்) போதும். வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி போட்டி கேம்கள்தான் உங்கள் உலகம் என்றால் 144 அல்லது அதற்கு மேல் பாருங்கள்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக மீதிப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் இதற்கே ஒதுக்குங்கள். கேம் எப்படி ஓடும் என்பதை முடிவு செய்யும் பாகம் இதுதான்.

1080பி-க்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 நல்ல அளவுகோல். 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். எந்தக் கார்டைக் காட்டினாலும் இதன் விலையையும் ஃப்ரேம் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைவகம் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். அது நிரம்பிவிட்டால் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) மெதுவான ராமுக்கும் கார்டுக்கும் இடையே அலையும். சராசரி ஃப்ரேம் நன்றாக இருந்தாலும் திரும்பும் இடமெல்லாம் திக்கும்.

ஏமாறும் இடம் பெயர்கள்தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. 8 ஜிபியில் 2560 கோர், 128 பிட் பஸ் (நினைவகத்துக்கான பாதை). 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட் பஸ். குறைவது நினைவகம் மட்டுமல்ல, கார்டே வேறு. 6 ஜிபி கார்டுக்கு உள்ள ஒரே நல்ல காரணம் 70 வாட்டில் தனி மின் கேபிள் இல்லாமல் ஓடும் என்பது. ஜிடி 1030-இலும் இதே கதை: டிடிஆர்4 நினைவகம் வைத்தது நொடிக்கு சுமார் 17 ஜிபி தரவு கடத்தும், ஜிடிடிஆர்5 வைத்தது 48 ஜிபி. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வருவதில் "2048எஸ்பி" என்று இருந்தால் அது அசல் 580 அல்ல, அசலில் 2304 கோர் இருக்கும். பெட்டியில் உள்ள முழு மாடல் பெயரையும் வார்த்தை விடாமல் படியுங்கள்.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, வலுவான கார்டு. ஆனால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரே சமயத்தில் அணுகும் வசதி) இயங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் வெகுவாகக் குறையும். பழைய போர்டில் இதைச் சேர்க்காதீர்கள்.

கார்டுக்கு இப்போது காசே இல்லை, ஆறு மாதம் கழித்து வாங்குவேன் என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி ஒரு வழி. உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருப்பதால் செட்டிங்ஸைக் குறைத்து இ-ஸ்போர்ட்ஸ் கேம்கள் ஆடலாம். ஆனால் இதன் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் உள்ள வேகமான நினைவகம்) 16 எம்பி, ரைசன் 5 5600-இல் 32 எம்பி. கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0 தான். பிறகு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு வராது.

படி 3: ப்ராசஸர்

ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டுமே 6 கோர், 12 த்ரெட். அன்றைய விலையில் போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள். பட்ஜெட் இன்னும் இறுக்கமாக இருந்தால் ஐ3-12100எஃப். இந்த மூன்றிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. பெட்டியோடு வரும் கூலரே போதும். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசஸர் வாங்கினால் கூலர் வராது, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: மதர்போர்டு

5600-க்கு பி550 சிப்செட் போர்டு எடுங்கள். ஏ520-இல் பிசிஐஇ 3.0 வரைதான். ஆர்எக்ஸ் 6600-க்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் 4 லேன் (பிசிஐஇ தடம்) மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டுக்குப் பாதை பாதியாகிவிடும். பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் அப்டேட் இல்லாமல் 5000 வரிசை ப்ராசஸரில் பூட் ஆகாது. வாங்கும் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

இன்டெல் பக்கம் எச்610, பி660 போர்டுகள் ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையாக வரும். ராமில் உள்ள வெட்டு இடம் மாறுவதால் ஒன்று மற்றொன்றில் உட்காராது. ராமும் போர்டும் ஒரே பில்லில் இருக்கட்டும்.

படி 5: ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி ஒரே குச்சி வேண்டாம், 8 ஜிபி இரண்டு. அப்போதுதான் ட்யூவல் சேனல் (ராமுக்கு இரட்டைப் பாதை) இயங்கும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போடுங்கள். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது, அதனால் பழைய வீடியோவில் சொன்ன விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். எஸ்எஸ்டி, போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை, முடிந்தால் 1 டிபி. 500 ஜிபியில் விண்டோஸும் நாலைந்து பெரிய கேமும் போட்டாலே இடம் தீர்ந்துவிடும்.

படி 6: எஸ்எம்பிஎஸ்

பட்ஜெட் பிசிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றையும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் எஸ்எம்பிஎஸ் வாங்குவார்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதைப் போட்டுக்கொள்வார்கள்.

முன்னால் எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய லேபிளில் +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். கார்டும் ப்ராசஸரும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்குள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், அது நியாயமான 550 வாட் எஸ்எம்பிஎஸ். வெளியே 450 வாட் என்று போட்டு, அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் மட்டும் இருந்தால் கையில் கிடைப்பது 192 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ப்ராசஸருக்கு சுமார் 80, மற்றவற்றுக்கு 50 என்றாலே 260 தாண்டுகிறது. டெஸ்க்டாப்பில் எல்லாம் நன்றாக இருக்கும். கேம் தொடங்கி லோடு ஏறியதும் வோல்டேஜ் விழுந்து பிசி தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட், குறைந்தது 5 ஆண்டு வாரண்டி, அசல் 6+2 பின் பிசிஐஇ கேபிள்: இதுதான் தேவை. 80 ப்ளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான அளவு மட்டுமே, தரத்துக்கான முழுச் சான்று அல்ல. பழைய 4 பின் மோலெக்ஸிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம், கம்பி சூடாகி உருகும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று, 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தரும். கரண்ட் போனதும் கேமை சேவ் செய்து அணைக்கத்தான் அது, தொடர்ந்து ஆட அல்ல. இரண்டு, எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் போட்டால் கேபினட்டைத் தொடும்போது சுர்ரென்று பிடிக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர், கசிவு மின்சாரத்தை எர்த் வழியாக வெளியேற்ற வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது உடம்பு வழியே இறங்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி இது தீராது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 7: கேபினட்

முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் காற்றுப்போக்கு இல்லாவிட்டால் கார்டு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்னால் இரண்டு, பின்னால் ஒரு ஃபேன் போதும். கார்டின் நீளத்தை கேபினட் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: பில்

ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், வாரண்டி கேட்கும்போது பில் இல்லாமல் வேலை நடக்காது. எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்குங்கள். மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால், முதலில் வாங்கிய போர்டு பழுது என்று தெரியவரும்போது கடையில் மாற்றித் தரும் காலம் முடிந்திருக்கும்.

அசெம்பிள் ஆன அன்றே மூன்றைச் சரிபாருங்கள். மானிட்டர் கேபிள் போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் 2133 அல்லது 2400-இல் ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் முதலில் 60-இல் நிற்கலாம்.